காதை விடுங்கள், மூக்கைப் பாருங்கள்

பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், தாய்ப்பால், துளசிச் சாறு, ஓமவல்லி இலையைப் பிழிந்த சாறு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு சொட்டு மருந்து. ‘காது அடைச்சிருக்கும்மா’ என்று குழந்தை சொன்ன அரை மணி நேரத்துக்குள் நம் வீடுகளில் அந்தக் காதுக்குள் இறங்கக்கூடியவை இவை. எண்ணெய் விட மனம் வராதவர்கள் பட்ஸைத் தேடுவார்கள். பட்ஸ் கிடைக்காத அவசரத்தில் ஹேர்பின், சேஃப்டி பின், தீக்குச்சியின் மறுமுனை. அக்கறைக்குக் குறைவே இல்லை. அது போய்ச் சேரும் இடம்தான் தவறு.

காதுத் துவாரத்தின் வழியே உள்ளே விடும் எதுவும் செவிப்பறை வரைதான் போகும். அது ஓட்டையில்லாமல் இருக்கும்வரை, அதைத் தாண்டி ஒரு சொட்டுகூட இறங்காது. சளி பிடித்த குழந்தைகளுக்கு வரும் காதடைப்போ பெரும்பாலும் செவிப்பறைக்கு அந்தப் பக்கம், நடுக்காதில் இருக்கிறது. இந்தப் பக்கம் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அந்தப் பக்கத்து அடைப்பு அசையாது. சூடு கொஞ்சம் கூடினால் காதுத் தோல் வெந்துபோகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கிய காதில் பூஞ்சை பிடிக்கும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கும்போது, பார்க்க வேண்டிய செவிப்பறை எண்ணெயில் மறைந்திருக்கும். செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். விட்டதெல்லாம் கிருமியையும் சேர்த்துக்கொண்டு நடுக்காதுக்கே போய்விடும்.

அப்படியானால் வழி எங்கே இருக்கிறது? மூக்கில்.

நடுக்காதுக்குக் காற்று வர ஒரே பாதைதான் உண்டு. மூக்கின் பின்பகுதியில், உள்நாக்குக்கு மேலே தொடங்கி நடுக்காதில் போய் முடியும் மெல்லிய குழாய் அது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் பார்த்தொலோமியோ யூஸ்டேக்கியின் பெயரால் அதை யூஸ்டேசியன் குழாய் என்கிறார்கள். பெரும்பாலான நேரம் அது மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும். அந்தக் கணத்தில்தான் நடுக்காதில் காற்று மாறுகிறது; செவிப்பறைக்கு இருபுறமும் அழுத்தம் சமமாகிறது. பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம், ஏறத்தாழ 45 டிகிரி சரிவு. கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதிதான். சரிவோ சுமார் 10 டிகிரி. கொத்தனார் பேச்சில் சொன்னால், வாட்டம் போதாது. மூக்கில் சளி கட்டியதும் குழாயின் உட்புறம் வீங்கித் திறக்க மறுக்கிறது. நடுக்காதில் இருந்த காற்றை உடல் மெல்ல உறிஞ்சிவிட, செவிப்பறை உள்வாங்குகிறது. குழந்தை ‘கும்முன்னு இருக்கு’ என்று சொல்வது இதைத்தான். அப்படியே நீடித்தால் அந்த வெற்றிடத்தில் நீர் கசிந்து தேங்கும்.

மூன்று வயது முதல் ஏழு வயது வரை இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே அடினாய்டு என்ற சதை இருக்கிறது. அந்த வயதில் அது பெருத்திருக்கும். வாயைத் திறந்துகொண்டு தூங்கும், குறட்டை விடும் குழந்தைக்கு அடிக்கடி காது அடைப்பதற்கு இதுவே பல நேரம் காரணம். வயது ஏற ஏற குழாய் நீண்டு சரிகிறது, அடினாய்டு சுருங்குகிறது. ‘வளர வளரச் சரியாப் போயிடும்’ என்று பாட்டிமார் சொன்னதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைப் பின்னால் பார்ப்போம்.

மார்கழியில் பிள்ளைகளுக்கு மங்கி குல்லா மாட்டி, காதில் பஞ்சு வைத்து அனுப்புகிறோம். பனி காது வழியாக இறங்கிவிடும் என்று பயம். செவிப்பறை அடைத்துக்கொண்டிருக்க, பனி எங்கே இறங்குவது? சளி என்பது வைரஸ். அது வருகிற வழி மூக்கும் வாயும் கையும்தான். குல்லாவால் கெடுதல் ஒன்றுமில்லை, போட்டுக்கொள்ளட்டும். பஞ்சைத்தான் எடுத்துவிட மறந்து, ஒரு வாரம் கழித்துத் தேட வேண்டியிருக்கும். தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்கும் வீடுகளுக்கும் இதே பதில்தான். சளிக்காலத்தில் குழந்தை சாப்பிடுவதே குறைவு. அதிலும் கைவைக்க வேண்டாம்.

வீட்டில் செய்யத்தக்கவை சில உண்டு. ஆர்ப்பாட்டமில்லாத வேலைகள் என்பதாலேயே அவற்றுக்கு மதிப்புக் குறைவு. முதலாவது, உப்பு நீர் மூக்குச் சொட்டு மருந்து. மருந்துக்கடையில் ‘சலைன் நேசல் டிராப்ஸ்’ என்று கேட்டால் தருவார்கள், விலையும் அதிகமில்லை. வாங்கும்போது லேபிளைப் படிக்க வேண்டும். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று எழுதிய, மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகளும் அதே மாதிரிச் சின்னக் குப்பியில்தான் வருகின்றன. அவை வேறு. டாக்டர் சொல்லாமல் சிறு குழந்தைக்கு விடக்கூடாதவை. பெரியவர்களே சில நாளுக்கு மேல் விட்டால், முன்பைவிட அதிகமாக மூக்கை அடைக்கக்கூடியவை. உப்பு நீரில் அந்தச் சிக்கல் இல்லை. பால் குடிப்பதற்கும் தூங்குவதற்கும் முன்னால் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, சளி இளகியதும் துடைத்துவிட வேண்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு மூக்கைச் சிந்தக் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான், அதுவும் மெதுவாக. இரண்டையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் சளி காதுக் குழாய்க்குள்ளேயே ஏறும்.

இரண்டாவது, விழுங்க வைப்பது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் குழாய் திறக்கப் பார்க்கிறது. தாய்ப்பால், வெதுவெதுப்பான தண்ணீர், ரசம், கஞ்சி எதுவானாலும் சரி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. பாட்டில் பால் குடிக்கும் குழந்தையைப் படுக்க வைத்துக்கொண்டே பாட்டிலை வாயில் வைப்பது பல வீடுகளில் இரவு வழக்கம். தலையைச் சற்று உயர்த்தி மடியில் வைத்துக் கொடுத்தால் பால் அந்தக் குழாய்ப் பக்கம் போவது குறையும்.

மலையேறும் குடும்பங்களுக்கும் இதே பாடம்தான். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். ஏறும்போது நடுக்காதிலிருந்து காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட வேண்டியிருக்கிறது. ஊர் சுற்றிய களைப்பில் குழந்தை தூங்குவதும் அப்போதுதான். தூக்கத்தில் விழுங்குவதும் குறைவு. பாதி வழியில் காதைப் பிடித்துக்கொண்டு அலறி எழுவது இதனால்தான். வளைவுகள் தொடங்குமுன் எழுப்பி, குடிக்க ஏதாவது கொடுப்பது நல்லது. விமானம் தரையிறங்கும்போதும் அப்படியே.

மூன்றாவது, புகை. பீடி, சிகரெட் பிடிப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தாலே அங்குள்ள குழந்தைக்குக் காதுநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. விறகடுப்பு, கொசுவர்த்திச் சுருள் இவற்றோடு, தலைக்குக் குளிப்பாட்டிய பிறகு காட்டும் சாம்பிராணியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாம்பிராணிக்கு நம் மனதில் ஒரு தூய்மை இருக்கிறது. குழந்தையின் மூக்குக்கு அதுவும் புகைதான். சளியோடு இருக்கும் நாட்களிலாவது விட்டுவிடலாம்.

செய்யக்கூடாதவற்றில் மூன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வருபவர்கள் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும், வாய் வைத்துச் சளி உறிஞ்சுவதும் இன்னும் ஓயவில்லை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் எளிதில் ஆறாத ஒருவகை நிமோனியா வரும். நம் குழந்தைகள் நல மருத்துவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. அடுத்தது கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்ப்பதும், துணியில் முடிந்து குழந்தை பக்கத்தில் வைப்பதும் வழக்கம். கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு நஞ்சு. உடலில் ஏறினால் வலிப்பு வரலாம். கடைசியாக ஆவி பிடித்தல். கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் போர்வையைப் போர்த்திக் குழந்தையை உட்கார வைக்கிறோம். அது ஒரு உதை உதைத்தால் பாத்திரம் கவிழும். காதடைப்பைத் தீர்க்கப் போய்த் தீக்காய வார்டில் கொண்டு விடுகிற வேலை அது.

நள்ளிரவுக் காதுவலி தனி ரகம். நடுக்காதில் தேங்கிய நீரில் கிருமி சேர்ந்தால் சீழ் பிடித்து, செவிப்பறையை அது நெருக்கும்போது வலி உயிர்போகும். பகலெல்லாம் மூக்கொழுகலோடு ஓடியாடிய குழந்தை இரவு இரண்டு மணிக்கு வீல் என்று அழும். பேசத் தெரியாதது காதைப் பிடித்து இழுக்கும், பால் குடிக்க மறுக்கும். இந்த வேளையில் வீட்டார் செய்ய வேண்டியது வலியைக் குறைப்பது ஒன்றுதான். அதற்குப் பாராசிட்டமால் போதும். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இந்த சிரப் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது, 250 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம் வேண்டுமென்றால் 125 சிரப்பில் அது 6 மில்லி; 250 சிரப்பில் 3 மில்லி. ‘போன தடவை ஒரு மூடி குடுத்தோம்’ என்ற ஞாபகத்தில் கொடுத்தால் ஒன்று பாதி மருந்து போகும், இல்லை இரட்டிப்பாகப் போகும். குழந்தையின் எடையையும், தன் வீட்டில் இருக்கும் பாட்டிலிலிருந்து எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டு மருந்து அட்டையிலேயே எழுதி வைத்துக்கொண்டால் நடுராத்திரிக் குழப்பம் தீரும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

எல்லாக் காதுவலிக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களுக்கு 1990-லேயே வேறு மாதிரி வழிகாட்டினார்கள்: பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் வலி மருந்து மட்டும், பொறுத்துப் பார்த்து, குறையாவிட்டால் ஆன்டிபயாட்டிக். அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் 2013 வழிகாட்டலும் இரண்டு வயதைக் கடந்த, கடுமையான அறிகுறி இல்லாத குழந்தைக்கு 48 முதல் 72 மணி நேரம் காத்திருப்பதை ஏற்கிறது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு நாளிலேயே வலி அடங்கிவிடுகிறது என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. காத்திருப்பதென்றால் டாக்டரைப் பார்க்காமல் இருப்பது என்று அர்த்தமில்லை. பார்த்து, அவர் சொல்லி, கெடு வைத்துக் காத்திருப்பது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை, இரண்டு காதிலும் வலியுள்ள இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, காய்ச்சல் தணியாத குழந்தை ஆகியோருக்கு இந்தக் கெடு பொருந்தாது. காதின் பின்புறம் வீங்கி மடல் முன்னால் தள்ளியிருந்தால், முகம் ஒருபக்கம் கோணினால், கழுத்து விறைத்தால், ஓயாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்தால், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே நம்மில் பலர் போய் நிற்கிற இடம் தெருமுனை மெடிக்கல். ‘குழந்தைக்கு சளி, காது அடைச்சிருக்கு’ என்றால் ஒரு சளி சிரப், ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப், கூடவே ஒரு காதுச் சொட்டு மருந்து. சீட்டு கேட்பவர் அபூர்வம். அந்தச் சளி சிரப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அரிப்பு, ஒவ்வாமைக்கான குளோர்பெனிரமினும் மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் சேர்ந்தது அதன் வழக்கமான சேர்மானம். நடுக்காதில் தேங்கிய நீரை இந்த வகை மருந்துகள் வற்றவைக்கவில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியாயிற்று. தூக்கம், எரிச்சல், படபடப்பு போன்ற பக்கவிளைவுகள்தான் மிச்சம். காதில் நீர் தேங்கிய பிள்ளைகளுக்கு இவை வேண்டாம் என்கிறது அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களின் 2016 வழிகாட்டல். ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், ஸ்டீராய்டும் வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

இந்தியாவிலும் எச்சரிக்கை வராமலில்லை. இதே சேர்மானத்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் சொன்னது. அதற்குப் பிறகுதான் 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் ‘கோல்ட்ரிஃப்’ என்ற சளி சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சு உயிர்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த தொகுப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. உயிரைப் பறித்தது அந்தக் கலப்படம். அதில் சளி மருந்தின் சேர்மானத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சேர்மானம் இறந்த குழந்தைகளில் பலருக்குத் தேவையே இல்லாத வயதில் கொடுக்கப்பட்டது. ஆலை ஆய்வாளர்கள் எங்கே போனார்கள் என்று கேட்ட நாம், ஒரு மூக்கொழுகலுக்கு இந்த சிரப் ஏன் என்று அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. 2025 அக்டோபரில் மத்தியச் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்தே கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் நினைவூட்டியது. மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவில் தமிழில் ஒட்ட வேண்டிய வாசகம் அது. ஒட்டச் சொல்ல எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

இப்போது பாட்டிமாரின் மீதிப் பாதிக்கு வருவோம். வலித்து அழும் காதை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. வலிக்காத காதுதான் ஏமாற்றுகிறது. சளி போன பிறகும் நடுக்காதில் நீர் தங்கிவிடுவது உண்டு. நாளாக நாளாகப் பசையாகக் கெட்டிப்படும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்குக் ‘குளூ இயர்’ என்றே பெயர். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சீழ் இல்லை. பள்ளியில் சேரும் வயதுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒருமுறையாவது இது வந்துபோகிறது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். வற்றும்வரை கேட்கும் திறன் சராசரியாக 25 டெசிபல் அளவுக்குக் குறைந்திருக்கும். சத்தமாகப் பேசினால் கேட்கும். மெல்லப் பேசினால் கேட்காது. பக்கத்தில் பேசினால் கேட்கும். மின்விசிறி கடகடக்கும் வகுப்பறையில் மூன்றாவது பெஞ்சுக்கு ‘பத்து’ம் ‘பட்டு’ம் ஒன்றுபோல ஒலிக்கும். சளி பிடித்தால் குறையும், விட்டால் தெளியும். நேற்று கேட்டது இன்று கேட்காது.

நம் வீடுகளில் இப்படிப்பட்ட குழந்தைக்கு என்ன நடக்கிறது? ‘கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். சாக்லேட்னு சொன்னா மட்டும் காது கேக்குது’ என்கிறோம். பள்ளியில் கவனக்குறைவு, திமிர், மந்தம். டி.வி. சத்தத்தைக் கூட்டினால் ஒரு அதட்டல். ‘ஆங்?’ என்று இரண்டாவது முறை கேட்டால் தலையில் ஒரு குட்டு. நான் அறிந்தவரையில், காதடைப்பால் குழந்தைக்கு வரும் துன்பங்களில் எண்ணெயும் பட்ஸும் தருவதைவிடப் பெரியது இதுதான். பிள்ளை அடம்பிடிக்கிறது என்று முடிவுகட்டும் முன், காது கேட்கிறதா என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பேசத் தொடங்கும் வயதில் இந்த நிலை நீடித்தால் பேச்சும் பின்தங்கும்.

வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போது, டி.வி.யை அணைத்துவிட்டு, அதன் பின்னால் நாலடி தள்ளி நின்று, முகம் தெரியாமல், மெல்லிய குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாம். வெவ்வேறு நாட்களில் பலமுறை திரும்பாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். இது பரிசோதனைக்கு ஈடாகாது. பரிசோதனைக்கு அழைத்துப் போகக் காரணமாகும். சந்தேகம் வந்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டிவிட்டு, மூன்று மாதம் பொறுக்கலாம். அந்த மூன்று மாதமும் பேசும்போது அதன் எதிரே போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அடுக்களையிலிருந்து கத்திப் பயனில்லை. ஆசிரியரிடம் சொல்லி முன் பெஞ்சுக்கு மாற்ற வேண்டும். வீட்டு வைத்தியம் என்று இதற்கு எதையாவது சொல்லலாமென்றால், இதைத்தான் சொல்வேன்.

நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஒரு மூக்கைப் பொத்திக்கொண்டு மறு மூக்கால் சிறு பலூனை ஊதவைக்கும் ஒரு சாதனம். விழுங்காமலேயே குழாயைத் திறக்கும் உபாயம் அது. பிரிட்டனில் 4 முதல் 11 வயதுவரையான 320 குழந்தைகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், பலூன் ஊதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மூன்று மாதத்தில் நடுக்காது சீரானது. ஊதாதவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கவிளைவு இல்லாத, குழந்தைகள் சிரித்துக்கொண்டே செய்யும் சிகிச்சை. மூக்கொழுகும் நாட்களிலும் காது வலிக்கும்போதும் ஊதக்கூடாது. பிறந்தநாள் பலூனை வாங்கி மூக்கில் வைத்துப் பார்ப்பதும் கூடாது.

மூன்று மாதம் கழித்தும் இரண்டு காதிலும் நீர் இருந்து, கேட்பதும் குறைந்திருந்தால் இ.என்.டி. மருத்துவரிடம் போக வேண்டும். செவிப்பறையில் சிறு துளையிட்டுக் குட்டிக் குழாய் ஒன்றைப் பொருத்துவது ஒரு வழி. 1954-இல் அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் பிளாஸ்டிக் குழாய் கொண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது இது. ‘கிராமெட்’ என்ற இந்தக் குழாய் சில மாதங்களில், அல்லது ஓராண்டு போல, தானாகவே உதிர்ந்துவிடும். ஆபரேஷன் என்றதும் வீட்டில் எழும் கலக்கம் புரிகிறது. தற்காலிகமாகக் காது கேட்கும் கருவி மாட்டுவதும் ஒரு வழி. பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தைகளும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளும் மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களின் நடுக்காதில் நீர் தேங்குவது ஏறக்குறைய எதிர்பார்க்க வேண்டியது. தொடக்கத்திலிருந்தே கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

காதில் சீழ் வடிவது வேறு கதை. இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்தால் செவிப்பறையில் ஓட்டை நிலைத்துவிட்டது என்று பொருள். வலி இல்லாததால் ‘காதுல தண்ணி வருது’ என்று ஆண்டுக்கணக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டே வளர்ந்தவர்கள் எல்லாக் கிராமத்திலும் இருக்கிறார்கள். இங்கே வீட்டாருக்கு உண்மையிலேயே ஒரு வேலை உண்டு. சுத்தமான, நீர் உறிஞ்சும் பருத்தித் துணியைத் திரியாகத் திரித்துக் காது வாயிலில் வைக்க வேண்டும். நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி. காது உலரும்வரை இப்படி, நாளைக்கு மூன்று முறை. உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை நலக் கையேடு தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வது இதைத்தான். உலர்த்திய காதில்தான் டாக்டர் தரும் சொட்டு மருந்து வேலை செய்யும். அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் செய்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

தடுப்பூசியையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். காதுநோயை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமான நிமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். நிமோனியாவுக்காகப் போடுவது, காதுக்கும் ஓரளவு உதவும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதும் அப்படித்தான்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தேசியக் காது கேளாமைத் தடுப்புத் திட்டம் 2007-இல் வந்தது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் நடுக்காது அழற்சி பெயரோடு இருக்கிறது. குறை பட்டியலில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. வந்து வந்து போகும் ஒரு கோளாறை, ஆண்டுக்கு ஓரிரு நாள் வந்துபோகும் குழு எப்படிப் பிடிக்கும்? குழு வந்த வாரம் குழந்தைக்குச் சளி இருந்தால் ‘குறை உண்டு’ என்று எழுதுவார்கள். பெற்றோர் கலங்கி மாவட்ட மருத்துவமனைக்கு ஓடும் நாளில் அது தெளிந்திருக்கும். சளி இல்லாத வாரத்தில் வந்தால் ‘நலம்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். உண்மையிலேயே குறையுள்ள குழந்தை கண்ணில் படாமல் விடுபட்டுவிடும்.

தேவைப்படுவது இரண்டாவது பரிசோதனை, மூன்று மாதம் கழித்து, அதே குழந்தைக்கு. நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று காட்டும் டிம்பனோமீட்டர் கையடக்கக் கருவியாகவே வந்துவிட்டது. ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. குழந்தை பதில் சொல்லவும் வேண்டியதில்லை. முதல் சுற்றில் சந்தேகம் எழுந்த பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியரே ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதுவரை அவர்களை முன் பெஞ்சில் உட்கார வைக்கலாம். மூன்றாவது மாதம் வட்டாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஆடியாலஜிஸ்ட் ஒருவரை வரவழைத்து அந்தப் பெயர்களை மட்டும் பார்க்கலாம். மாவட்டத் தலைநகருக்குக் குழந்தையைக் கூட்டிப்போக ஊரக வேலைத் திட்டத்திலோ பின்னலாடைக் கம்பெனியிலோ ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கும் தாய்க்கு, மகளிர் இலவசப் பேருந்து மட்டும் போதாது. பரிசோதனை அவள் ஊருக்குப் பக்கத்தில், அவளுக்கு முடிகிற நாளில் நடக்க வேண்டும்.